க்ரோல் பண்ணையின் சிவப்புக் கதவு

கிடங்குக் கதவு மறுபடியும் திறந்துகிடந்தது.

மார்லிஸ் ட்வைட் காபிக் கோப்பையும் கையுமாக நடைவழியிலேயே நின்றுவிட்டாள். கால் மணி நேரம் முன்புதான் அதை இழுத்துச் சாத்தி, இரும்புக் கொண்டியை அழுத்தி, அது பள்ளத்தில் 'டக்' என்று விழுந்ததைத் தன் காதால் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இந்த ஏலக்கூடம் ஒரு காலத்தில் வெண்ணெய்த் தொழிற்சாலை. கிடங்குதான் அதன் குளிர் அறை. கதவு ஒரு சாண் தடிமன், தள்ளினால் தோள்பட்டை வலிக்கும், காற்றுக்கெல்லாம் திறந்துகொள்கிற சாதி இல்லை. ஆனாலும் நண்பகலிலிருந்து இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இடைவெளி, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு.

"என்னம்மா மார்லிஸ், உங்க வீட்ல கதவே கிடையாதா?" முதலாளி ஆரின் டால்கி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். "வெளிய பனி கொட்டுது. விஸ்கான்சின் மாநிலம் பூராவுக்கும் சேர்த்து நான்தான் ஹீட்டர் போடணுமா?"

"நான் சாத்திட்டுத்தான் போனேன் ஆரின்."

"சாத்தினா சாத்தினபடி இருக்கணுமே! இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்த கதவு இன்னைக்கு மட்டும் உனக்குப் பழிப்பு காட்டுதா?"

பத்தொன்பது வருடம் வேலை பார்த்த ஒருத்தியிடம் கதவு சாத்தத் தெரியுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போன வசந்தத்திலிருந்தே அவள் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆற்றங்கரைப் படம் ஒன்றை இன்னார் வரைந்தது என்று ஏலப் பட்டியலில் எழுதிவிட்டாள், அது அவர் வரைந்தது இல்லை என்று ஆகிப்போனது, வாங்கியவர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இதே நடைவழியில் நின்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலம் ஆரின் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா வேற இடம் பார்த்துக்கோ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

கதவுக்குள் ஒருக்களித்து நுழைந்து, முதுகால் தள்ளிச் சாத்தினாள். டக்.

உள்ளே ஜன்னல் கிடையாது. சுவரோரம் சாய்த்து வைத்த படச் சட்டங்கள், நடுவில் நீள மேசை, மேசைமேல் கழுத்து வளைந்த விளக்கு, அதன் அடியில் படம். வாடை மட்டும் புதிது. சிக்குப் பிடித்த எண்ணெயும் தூசியும் நாறும் அறையில் இன்று ஈரக் கம்பளி வாடை, மாட்டின் மூச்சு வாடை, அதற்கு அடியில் லேசாகப் புளித்த பால் வாடை. இதையும் ஆரினிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். வெண்ணெய்த் தொழிற்சாலையில் பால் வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும் என்று சிரித்தார்.

படம் எட்வின் சோர்லி வரைந்தது. வரைந்தது என்று மார்லிஸ் நம்பினாள், நம்பிக்கைக்கு இப்போது இங்கே மதிப்பில்லை. பனி மூடிய பண்ணை, இடப்பக்கம் மாட்டுக் கொட்டில், வலப்பக்கம் சாம்பல் நிற வீடு, வீட்டுக்கு ஒரே ஒரு சிவப்புக் கதவு. நூறு வருடத்துக்கு முன்னால் சோர்லி இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாகப் படம் வரைந்து கொடுத்துத் திரிந்தவர். கையெழுத்தை மூலையில் போடுகிற ஆள் இல்லை. வீடு வரைந்தால் வீட்டு வாசற்படியில்தான் போடுவார். வந்தபோது இந்தப் படத்தில் வாசற்படியே தெரியவில்லை. புற ஊதா விளக்கை வைத்துப் பார்த்தபோது கதவு மட்டும் கன்னங்கரேலென்று தெரிந்தது. பின்னால் அடித்த பூச்சு அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும். யாரோ மேலே பூசியிருந்தார்கள். தடவிப் பார்த்தால் விரல் நுனியில் மேடு தட்டியது. கொட்டிலுக்கு அடிக்கிற முரட்டுச் சிவப்புச் சாயம், பூச்சின்மேல் பூச்சாக, வாசற்படி வரைக்கும்.

படத்தை ஏலத்துக்குக் கொடுத்த வெண்டல் க்ரோல், படத்திலிருக்கும் அதே பண்ணையின் கடைசி ஆள். மாடுகளை இந்தக் கோடையில்தான் விற்றிருந்தார். படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் தச்சுப் பென்சிலால் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார்: கதவை மட்டும் கழுவ வேண்டாம்.

அவள் கழுவிவிட்டாள்.

வேறு என்ன செய்வாள்? இந்தத் தொழிலில் மேற்பூச்சு என்றால் அழுக்கு, காயம், மறைத்து வைத்த பொய். அதைக் கண்டால் கை அரிக்கும். இன்று ஐந்து மணிக்குள் பட்டியலின் கடைசிப் பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், அதில் 'சோர்லி' என்று போடுவதா 'சோர்லியாக இருக்கலாம்' என்று போடுவதா என்பதை அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கிற ஒரு விரல்கடை இடம்தான் சொல்ல வேண்டும். காலையில் சாயம் கரைக்கிற மருந்தில் பஞ்சை நனைத்து வாசற்படி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் துடைத்தாள். ஏழாவது பஞ்சில் எழுத்து வந்தது. சோர்லி, 1913. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே கதவு முழுக்க மருந்தைத் தடவி, மேலே காகிதத்தை ஒட்டி ஊற விட்டாள்.

நண்பகலில் காகிதத்தை உரித்தபோது சிவப்பு மொத்தமும் அதோடு தோலாகக் கழன்று வந்தது. அந்தக் கணம் பார்த்து ஆரின் போன் அழைப்புக்குக் கூப்பிட்டார். பட்டியலுக்குப் புகைப்படம் எடுக்கும் டார்சியிடம், "காயறதுக்குள்ள எடுத்துடுடி, கையெழுத்து தெளிவா விழணும்" என்று சொல்லிவிட்டு, படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், கழன்ற தோலைக் கையில் சுருட்டிக்கொண்டே ஓடினாள். திரும்பி வந்தபோது டார்சி எடுத்து முடித்துவிட்டு, பனி வலுக்குமுன் அச்சகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கிடங்குக் கதவு திறந்திருந்தது. படத்தில் கதவு இருந்த இடத்தில் கறுப்பு. திறந்த வாசல், உள்ளே வெறும் இருட்டு.

டார்சிதான் கதவைச் சாத்தாமல் போய்விட்டாள் என்று அப்போது நினைத்தாள்.

இப்போது மணி நாலரை. மார்லிஸ் மேசையில் உட்கார்ந்து விவரக் குறிப்பை எழுத ஆரம்பித்தாள். 'வாசற்படியில் கையெழுத்து, ஆண்டு.' அடுத்த வரி வரவில்லை. கால் ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தால் மேசைக்கடியில் தண்ணீர், உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் திட்டாக. ஒன்றில் இன்னும் கரையாத பனி. ஆரின் பூட்ஸ் காலோடு உள்ளே வந்திருக்கிறார் போல! தன்னைச் சொல்கிற மனுஷன், விலைமதிக்க முடியாத படங்கள் இருக்கும் அறைக்குள் பனியை மிதித்துக்கொண்டு வருகிறார். கந்தல்துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கதவு திறந்திருந்தது.

"ஆரின்!" என்று கத்தினாள். "விளையாட்டா இது?"

நடைவழிக்கு வந்து பார்த்தாள். ஆரினின் அறை இருட்டாக இருந்தது. வரவேற்பு மேசையில் ஒரு துண்டுச் சீட்டு: ரோடு அடைபடுமுன் நான் கிளம்புகிறேன், குறிப்பு ஐந்து மணிக்குப் போயாக வேண்டும், கதவைச் சாத்து. கடைசி இரண்டு வார்த்தைக்கு அடிக்கோடு வேறு. அவளுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. சீட்டைக் கசக்கி எறிந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. வெண்டல் க்ரோல்.

"ஏம்மா, தொந்தரவா நினைச்சுக்காதீங்க. இங்க முதல் பனி விழுந்துருச்சு. அதான் கேக்கலாம்னு. அந்தக் கதவை யாரும் கழுவலையே?"

"இல்லை" என்றாள். வாய் தானாகச் சொன்னது.

"நல்லவேளை. இந்த வருஷம் கொட்டிலுக்குச் சாயம் அடிக்கலை, பாருங்க. மாடே இல்லாத கொட்டிலுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். கொட்டிலுக்கு அடிக்கிறப்ப அதே டப்பாவுல இருந்து படத்துல கதவுக்கும் ஒரு பூச்சு குடுக்கறது எங்க வீட்டு வழக்கம். தாத்தாவுக்கு அப்பா, அதான் பெரிய தாத்தா, அவரு காலத்துல இருந்து. நாளைக்கு ரோடு திறந்ததும் நான் டப்பாவோட வந்து—"

"க்ரோல் சார்!" அவளால் அடக்க முடியவில்லை. "இது ஏலத்துக்கு வர்ற ஓவியம். இதுக்குக் கொட்டில் சாயம் அடிக்க நீங்க டப்பா தூக்கிட்டு வரப்போறீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமினார். "அந்தப் படக்காரரு எங்க வீட்ல தங்கினது டிசம்பர்ல. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் பெரிய தாத்தாவோட சம்சாரம் ஆல்மா, பனிப்புயல்ல பால் கறக்கப் போனவ திரும்பலை. உடம்பும் கிடைக்கலை. அந்த ஆளு அவளைப் பார்த்ததே இல்லை, ஒரு போட்டோகூட வீட்ல கிடையாது. ஆனா படத்துல வாசல்ல அவளை நிறுத்திட்டாரு, அச்சு அசலா. பெரிய தாத்தா அன்னைக்கே டப்பாவை எடுத்துட்டு வந்து கதவைச் சாத்திட்டாரு. அடுத்த வருஷம் பார்த்தா கதவோரத்துல பூச்சு பிளந்திருக்கு. உள்ள இருந்து நகத்தால சுரண்டின மாதிரி. அதுல இருந்து வருஷா வருஷம்."

மார்லிஸ் நடைவழியிலிருந்து கிடங்கைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் படத்தின் வாசல் கறுப்பாகத் தெரிந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. இந்த ஆள் கதை அளக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஒருவேளை திறந்திருந்தாலும் அவசரப்பட்டுப் பூசிடாதீங்கம்மா" என்றார் வெண்டல். "எங்கப்பா பூசறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்ப்பாரு. முதல்ல பாருங்க, அவ உள்ள—"

"சார், எனக்கு அஞ்சு மணிக்கு வேலை இருக்கு. நாளைக்குப் பேசுங்க." வைத்துவிட்டாள். போதும். முதலாளி ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், இப்போது இவர் ஒரு பக்கம்.

கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். உட்கார்ந்தாள். ஹீட்டர் குழாய்கள் சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தன, கூரைமேல் பனி சரிந்து பொத்தென்று விழுந்தது, தூரத்தில் பனி தள்ளும் வண்டி ரோட்டைச் சுரண்டிக்கொண்டு போனது, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் வேறு ஏதோ ஒன்று, இரும்புக் கைப்பிடி அதன் வளையத்தில் ஆடும்போது வருகிற கிறீச், நின்று நின்று, யாரோ கனத்தைச் சுமந்துகொண்டு மெதுவாக நடைவழியில் வருவதுபோல. மார்லிஸ் மூச்சை நிறுத்திக் கேட்டாள். கிறீச். இல்லை. கிறீச்.

பால் வாடை இப்போது வாய்க்குள் சுவையாகவே வந்தது.

நாற்காலி நகர்ந்தது. வேகமாக இல்லை. தரையை உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு முழம். கொண்டி தானாக மேலே எழுந்தது. கதவு திறந்தது. அதே அளவு.

நடைவழி காலி. குளிர் மட்டும் உள்ளே வந்தது.

அவளுக்கு வேறு யோசனை வரவில்லை. படத்தின் கதவு திறந்திருப்பதால்தான் இந்தக் கதவும் திறக்கிறது. அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நடைவழிக்குப் பாய்ந்தாள். தீயணைப்பு வாளிகளுக்கு அடிக்கிற சிவப்புச் சாயமும் ஒரு தூரிகையும் அலமாரியில் இருந்தன. மூடியைத் திருப்புளியால் நெம்பினாள். நகம் பிளந்தது. ஓடி வந்தாள். படத்தின்முன் நின்றாள். வாசற்படியில் அந்தக் கையெழுத்து, சுத்தமாக, பளிச்சென்று. பத்தொன்பது வருடத்தைத் திருப்பித் தரக்கூடிய கையெழுத்து. இதைப் பூசினால் பட்டியலில் ஒரு படம், சுவரில் வேறு படம். நாளைக்கே அவளை அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் விளக்கம் சொல்ல முடியாது.

பூசினாள்.

சுவர்த் தூரிகை, சின்னக் கதவு. சாயம் வழிந்தது. கையெழுத்து போயிற்று. இருட்டு போயிற்று. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஓரத்தில் மயிரிழை விடாமல். ஒரு பூச்சு. இன்னொரு பூச்சு. அழுதுகொண்டே பூசினாள்.

தூரிகையை வைத்தாள். காத்திருந்தாள்.

கிறீச் சத்தம் இல்லை. குழாய்களின் முனகல் மட்டும். கிடங்குக் கதவு திறந்தபடி கிடந்தது, ஆனால் வெறும் கதவாகக் கிடந்தது. மார்லிஸ் நாற்காலியில் விழுந்து, பைத்தியம்போலச் சிரித்தாள். வேலை போனால் போகட்டும். உயிரோடு வீட்டுக்குப் போகலாம். வெண்டல் க்ரோலுக்கு நாளைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம்.

போன் அடித்தது. டார்சி.

"மார்லிஸ், அச்சகத்துல இருக்கேன். மணி அஞ்சாச்சு, குறிப்பு இன்னும் வரலையேன்னு இவங்க குதிக்கறாங்க. பக்கத்தைத் திரையில போட்டுப் பார்த்துட்டிருக்கோம். அழகா வந்திருக்கு. ஆமா, அந்தப் பொம்பளையைப் பத்தி நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

"எந்தப் பொம்பளை?"

"என்ன கிண்டலா? வாசல்ல நிக்கிறவதான். நீங்க உரிச்சுட்டு ஓடினீங்களே, அப்ப எடுத்ததுதானே இது. வெறுங்காலோட, கையில பால் வாளி வெச்சுக்கிட்டு. ஒரு காலு உள்ள இருக்கு, ஒரு காலை எடுத்து படிக்கு இந்தப் பக்கம் பனியில வெச்சிருக்கா. அப்பத்தான் வெளிய கிளம்பற மாதிரி. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, நேரா என்னையே பார்க்கறா."

மார்லிஸ் படத்தைப் பார்த்தாள். ஈரச் சிவப்பு. இறுக்கமாகச் சாத்திய கதவு. அவள் பூசியபோது வாசல் காலியாக இருந்தது. நண்பகலிலிருந்தே காலியாகத்தான் இருந்தது.

முதல்ல பாருங்க, அவ உள்ள இருக்காளான்னு.

"மார்லிஸ்? கேக்குதா?"

முதுகுக்குப் பின்னால் கிடங்குக் கதவு நகர்ந்தது. நாள் முழுக்க அவள் எத்தனை சாத்தியும் நிற்காத கதவு. மெதுவாக, குளிர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற வீட்டு மனுஷி சாத்துவதுபோல, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது. டக். அப்புறம் கிறீச். அறைக்குள்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பார்வை தரையில் இருந்தது, விளக்கு வெளிச்சம் வட்டமாக விழுகிற இடத்தில்.

வட்டத்தின் விளிம்புக்கு இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. விரல்களுக்கிடையில் பனி, கரையாமல். ஒரு தகர வாளி இறங்கித் தரையில் உட்கார்ந்தது. உள்ளே பால் கல்லாக உறைந்திருந்தது. நீலம் பாரித்த கை ஒன்று வாளியை விட்டது, நிமிர்ந்து, அவள் தோளை நோக்கி வந்தது. அதன் நகக்கண்கள் முழுக்கப் பழைய சிவப்புச் சாயம் அப்பியிருந்தது.